விலாசம் இல்லாத மலிவு

கொங்கணாபுரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் வியாபாரிகள் மூட்டையைப் பிரித்து, பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள். எடப்பாடியிலும் ஜலகண்டாபுரத்திலும் துண்டும் சேலையும் எடுக்க வரும் மொத்த வியாபாரி துணியைத் தடவிப் பார்த்தே பாவு எந்த நம்பர் நூல், ஊடை எவ்வளவு நெருக்கம் என்று சொல்லிவிடுவார். கண்ணையும் கையையும் நம்பி வணிகம் செய்து பழகிய ஊர்கள் இவை. இன்று அதே வீடுகளுக்குக் கூரியர் பையில் சார்ஜர் வருகிறது, பவர் பேங்க் வருகிறது, பிள்ளைக்கு விளக்கெரியும் பொம்மை வருகிறது, முகத்துக்குக் கிரீம் வருகிறது. எல்லாம் கைபேசியில் படம் பார்த்து, கடை விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கியவை. இவற்றில் எதையும் தடவிப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. ஆபத்து இருந்தால் அது உறைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. நமக்காக வேறு யாராவது சோதித்திருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். மலிவான இறக்குமதிப் பொருள்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது அந்த ஆள்தான். ஒரு பொருளை அதன் விலையையோ பிறந்த நாட்டையோ வைத்து ஒதுக்கத் தேவையில்லை. பொறுப்பேற்க இந்தியாவில் ஒரு விலாசம் இல்லாத பொருளை ஒதுக்கித்தான் ஆக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், இந்தப் பொருள்கள் வரும் வழி. சில ஆண்டுகளுக்கு முன்பு சீன இணையக் கடைகள் இந்திய வீடுகளுக்கு நேரடியாகவே பார்சல் அனுப்பின. 5,000 ரூபாய்க்குள் வரும் அன்பளிப்புகளுக்கு இருந்த சுங்கவரிச் சலுகையைப் பயன்படுத்தி, விற்ற சரக்கே பரிசுப் பொருள் என்ற பெயரில் உள்ளே வந்தது. 2019 டிசம்பரில் ராக்கியையும் உயிர்காக்கும் மருந்துகளையும் தவிர மற்றவற்றை அன்பளிப்பாக இறக்குமதி செய்வதை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் ஷீன், கிளப் ஃபேக்டரி ஆகிய இணையக் கடைகளும் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸும் போனது. கதவு மூடப்பட்டதால் ஐரோப்பா இன்று திணறும் வெள்ளத்திலிருந்து இந்தியா தப்பியது. 2024-இல் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சிறு மதிப்புப் பார்சல்கள் 460 கோடி நுழைந்தன. ஒரு நாளைக்கு சுமார் 1 கோடியே 20 லட்சம். அவற்றில் பத்தில் ஒன்பது சீனாவிலிருந்து வந்தவை. எந்தச் சுங்க அதிகாரியாலும் அத்தனையையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் இந்தியாவில் வழி மாறியதே தவிர, சரக்கு நிற்கவில்லை. அது கன்டெய்னரில் மொத்தமாக வந்து, உள்நாட்டு விற்பனையாளர் ஒருவரின் பெயரில் பெரிய இணையதளங்களின் கிடங்குக்குள் போகிறது. அல்லது சமூக ஊடக விளம்பரத்தைப் பார்த்து ஆர்டர் செய்தவருக்கு, பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் முறையில் வந்து சேருகிறது. உறையின் மேல் இந்திய ஊர் ஒன்றின் பெயர் இருப்பதால் அது வெளிநாட்டுச் சரக்கு என்பதே வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

பெரிய நிறுவனத்தின் கிடங்கு என்றால் சோதித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. 2025 மார்ச்சில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் சென்னை அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் சோதனை நடத்தி, தர முத்திரை இல்லாத 3,000-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பறிமுதல் செய்தனர். பிளாஸ்க், தண்ணீர் பாட்டில், மின்விசிறி, பொம்மை என்று வீட்டில் தினமும் புழங்கும் சாமான்கள். அதே மாவட்டத்தில் ஃபிளிப்கார்ட்டின் கிடங்கிலும், டெல்லியில் இரு நிறுவனங்களின் கிடங்குகளிலும் அந்த நாள்களில் இதேபோன்ற சோதனைகள் நடந்தன. பிடிபட்டவை எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்றோ, எல்லாமே ஆபத்தானவை என்றோ சொல்ல முடியாது. ஆனால் சட்டப்படி முத்திரை இல்லாமல் விற்கக்கூடாத பொருள்கள், விற்பனைக்குத் தயாராக, நாட்டின் மிகப் பெரிய கடைகளின் கிடங்குகளில் அடுக்கப்பட்டிருந்தன. யாரோ சோதித்திருப்பார்கள் என்ற நம்பிக்கைக்கு அங்கே அடிப்படை இல்லை.

முத்திரை இல்லாத பொருளில் அப்படி என்ன குறைந்துவிடப் போகிறது? கைபேசி சார்ஜரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கம் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட். மறுபக்கம் கையில் பிடிக்கும் ஒயரில் வரும் 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர், அதன் சுருள்களைப் பிரிக்கும் சில சுற்று இன்சுலேஷன் டேப், சர்க்யூட் அட்டையில் விடப்பட்ட சில மில்லிமீட்டர் இடைவெளி. தரவிதிப்படி செய்தால் அந்த இடைவெளி இருக்கும், டேப் போதுமான அளவு சுற்றப்பட்டிருக்கும், கோளாறு வந்தால் எரிந்து துண்டிக்கும் ஃபியூஸ் இருக்கும். செலவைக் குறைக்க நினைப்பவர் கை வைப்பது இந்த மூன்றிலும்தான், ஏனெனில் இவை இல்லாமலும் சார்ஜ் ஏறும். வாங்கிய முதல் நாளே வேலை செய்யும், ஆறு மாதமும் வேலை செய்யும். ஒரு மழைநாளின் ஈரமோ மின்னழுத்த ஏற்றமோ வரும்போது 230 வோல்ட் நேராக ஒயருக்குள் பாய்கிறது. விசைத்தறி ஊர்களில் இந்த ஆபத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தறிப்பட்டறையும் வீடும் பல இடங்களில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. பஞ்சுத் தூசி சுவிட்ச் பலகை வரை படிந்திருக்கும். இரவு ஷிப்டு ஓட்டுபவர் கைபேசியை அந்தப் பலகையிலேயே சொருகிவிட்டுத் தறியைப் பார்க்கப் போவார். சூடேறும் சார்ஜர் எங்கும் ஆபத்துதான், அங்கே அது பல மடங்கு.

லித்தியம் பேட்டரியின் கதை இன்னும் கடுமையானது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தனர். அந்த ஆண்டில் நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு ஒன்றிய அரசு நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, வாகன பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. அரசின் விதிகளுக்கு உட்பட்ட வாகனத்திலேயே இது நடந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். லித்தியம் செல்லில் உட்கோளாறு ஏற்பட்டால் சூடு மேலும் சூட்டைக் கிளப்பும். அடுத்தடுத்த செல்லுக்குத் தாவும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அடங்காது. இந்தியாவில் பயன்படும் லித்தியம் செல்களில் பெரும்பகுதி இறக்குமதிதான். அவற்றைக் கண்காணிக்கும் சர்க்யூட் இல்லாமலோ பழைய செல்லை மறு உறையிட்டோ செய்த பவர் பேங்க், தலையணைக்கு அருகில் வைத்துத் தூங்கும் பொருளாக இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொம்மையில் ஆபத்து வேறு விதம். 2019-இல் இந்தியத் தரக் குழுமம் டெல்லி வட்டாரச் சந்தையில் 121 வகை இறக்குமதி பொம்மைகளைச் சோதித்தபோது 66.9 விழுக்காடு தேறவில்லை. அதன் பிறகே 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற வேதிப்பொருள் குழந்தைகளின் ஹார்மோன் சமநிலையைக் குலைக்கக்கூடியது. பிள்ளைகள் கடிப்பதும் சப்புவதும் மென்மையான பிளாஸ்டிக்கைத்தான். தென்கொரியத் தலைநகர் சியோலின் நகர நிர்வாகம் 2024-இல் சீன இணையக் கடைகளில் குழந்தைப் பொருள்களை வாங்கிச் சோதித்தபோது, ஷீன் தளத்தில் வாங்கிய ஒரு ஜோடிச் செருப்பில் தாலேட் அனுமதித்த அளவைப்போல 428 மடங்கு இருந்தது. அதைவிட உடனடியானது பொத்தான் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சிலின் ஈரத்தில் மின்னோட்டம் ஓடி, தொடும் இடத்தில் காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். இதனால்தான் சிறுவர் பொம்மையின் பேட்டரி மூடி கையால் எளிதில் திறக்க வராதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி; பெரும்பாலும் ஒரு திருகாணியே அந்தப் பூட்டு. மலிவுப் பொம்மையில் மூடி நகத்தால் நெம்பினாலே கழன்றுவிடும். மிச்சமானது ஒரு திருகாணியின் விலை.

மெதுவாக வேலை செய்யும் ஆபத்தும் உண்டு. கேரளத்தின் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தாங்கள் கண்ட 22 நோயாளிகளைப் பற்றி ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதினர். சிறுநீரக வடிகட்டிச் சவ்வு பழுதாகிப் புரதம் வெளியேறும் நோய் அவர்களுக்கு. அதில் 15 பேருக்கு அரிதான ஒரே வகைக் குறியீடு தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. இந்தியச் சட்டப்படி முகக் கிரீமில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது; தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேரள அரசு 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதித்து, முறையான உரிமமும் விவரமும் இல்லாத அழகுப் பொருள்களைப் பறிமுதல் செய்தது. கிரீம் வேலை செய்தது, முகம் வெளுத்தது, வாங்கியவர் மகிழ்ச்சியடைந்தார். பாதிக்கப்பட்ட உறுப்பு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். வாங்கியவர்கள் போடும் நட்சத்திர மதிப்பெண்ணை நம்பி வாங்கலாம் என்பவர்களுக்கு இதுவே பதில். பார்சல் வந்த வாரத்தில் எழுதப்படும் பாராட்டுரையில் சிறுநீரகம் பற்றியோ, டிரான்ஸ்ஃபார்மரின் டேப் பற்றியோ எதுவும் இருக்காது.

வாங்கியவரோடு நிற்காத ஆபத்தும் இருக்கிறது. 2020-இல் யாரும் கேட்காமலே வெளிநாட்டிலிருந்து விதைப் பொட்டலங்கள் பல நாடுகளின் வீடுகளுக்கு வந்தபோது, இந்திய வேளாண் அமைச்சகம் அந்த ஆகஸ்டில் மாநிலங்களை எச்சரித்தது. அந்த எச்சரிக்கையின் பொருள் சேலம், நாமக்கல் விவசாயிகளுக்குச் சொல்லாமலே புரியும். அதே 2020-இல் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வெளிநாட்டு மரவள்ளி மாவுப்பூச்சி, சீக்கிரமே இந்தப் பகுதியின் மரவள்ளிக் காடுகளுக்குள் புகுந்தது. ஜவ்வரிசி ஆலைகள் நம்பியிருக்கும் பயிர் குருத்து சுருங்கி நின்றது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை அரசு ஆராய்ச்சியாளர்கள் தருவித்து, முறையான தனிமைச் சோதனைக்குப் பிறகு 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்த பிறகே விடிவு தெரிந்தது. அந்தப் பூச்சி பார்சலில் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சோதிக்கப்படாத ஓர் உயிர் எல்லை தாண்டினால் அதற்கு விலை கொடுப்பது ஒரு வட்டாரமே என்பதை இந்த மண் ஏற்கெனவே பார்த்துவிட்டது. அபூர்வச் செடி என்று இணையத்தில் விதையோ கிழங்கோ தருவிப்பவர் இதை மறக்கக்கூடாது.

இனி, பொறுப்பு எங்கே தொலைகிறது என்று பார்ப்போம். 2021 பிப்ரவரி முதல் பிரஷர் குக்கருக்குத் தரச்சான்று கட்டாயம். அதற்குப் பிறகும் சான்றில்லாத குக்கர்கள் இணையத்தில் விற்கப்பட்டன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அந்தக் குக்கர்களின் விற்பனையில் நிறுவனம் பெற்ற கட்டணம் 6 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்று அந்த ஆணையே பதிவு செய்கிறது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. சம்பாதித்தது ஆறு லட்சம், அபராதம் ஒரு லட்சம் என்றால் அடுத்த முறை அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? இணையதளங்களின் வாதம் எப்போதும் ஒன்றே: நாங்கள் விற்பவர் இல்லை, விற்பவருக்கு இடம் கொடுப்பவர்கள். சீட் பெல்ட் அணியாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் சிறு கிளிப்பும் அப்படித்தான் விற்றது. 2021-இல் மட்டும் சீட் பெல்ட் அணியாமல் இந்தியச் சாலைகளில் 16,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். 2023-இல் ஆணையம் தலையிட்டு ஐந்து தளங்களிலிருந்து அந்த கிளிப்புக்கான 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. பொருளைப் பட்டியலில் காட்டுவது, பணத்தை வசூலிப்பது, கிடங்கில் வைப்பது, வீட்டுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் செய்பவர், விபத்து நேரும்போது மட்டும் மூன்றாம் மனிதர் ஆகிவிட முடியாது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் இதைத்தான் தீர்ப்பாகச் சொன்னது: தன் கிடங்கு வழியாக அனுப்பிய பிற விற்பனையாளர்களின் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அபாயப் பொருள்களுக்கு அமேசான் விநியோகஸ்தர் என்ற முறையில் பொறுப்பு. அங்கும் நிறுவனம் நீதிமன்றம் போயிருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும் நியாயம் அந்தத் தீர்ப்பின் பக்கமே.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை இலேசானவை அல்ல. முதலாவது, விலை உயர்ந்த கைபேசியும் சீனாவில்தான் செய்யப்படுகிறது, பிறகு ஏன் பயம் என்பது. உண்மை, ஒரே ஊரில், சில நேரம் ஒரே ஆலையில், நல்ல சார்ஜரும் மோசமான சார்ஜரும் தயாராகின்றன. வேறுபாடு ஆர்டர் கொடுப்பவரிடம் இருக்கிறது. இந்தியாவில் கட்டாயப் பதிவு தேவைப்படும் மின்னணுப் பொருளைச் செய்யும் வெளிநாட்டு ஆலை, தனக்காகப் பொறுப்பேற்கும் பிரதிநிதி ஒருவரை இந்தியாவில் நியமித்தாக வேண்டும். பிடிக்க ஓர் ஆள் இருக்கும்போது ஆலையும் கவனமாக இருக்கிறது. இரண்டாவது, உள்ளூர்ப் பொருள் மட்டும் யோக்கியமா என்ற கேள்வி. இல்லை என்பதைத் தமிழ்நாடே மிகக் கசப்பாக அறிந்தது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்ட ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தில் நச்சு ரசாயனம் கலந்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். ஆய்வுத் துறையின் தவறு அதில் மன்னிக்க முடியாதது. ஆனால் புட்டியில் தொகுதி எண் இருந்தது, ஆலையின் விலாசம் இருந்தது. அதனால் மருந்தைத் தடை செய்ய முடிந்தது, ஆலையை மூட முடிந்தது, உரிமையாளரைக் கைது செய்ய முடிந்தது. பெயரில்லாத பொட்டலத்தில் அதே நச்சு வந்திருந்தால், அடுத்த குழந்தையைக் காப்பாற்ற எங்கே போய் நிறுத்துவது?

மூன்றாவது எதிர்ப்பு இந்த வட்டாரத்திலிருந்தே வரும். தரக்கட்டுப்பாடு என்ற பெயரில் இறக்குமதியைத் தடுத்துப் பெரிய உள்நாட்டு ஆலைகளுக்கு லாபம் சேர்ப்பதே நடக்கிறது என்று பள்ளிபாளையம், ஈரோடு தறிக்காரர்கள் விஸ்கோஸ் பஞ்சு விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தனர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பாலியஸ்டர் நூல், விஸ்கோஸ் பஞ்சு ஆகியவற்றின் மீதான தரக்கட்டுப்பாட்டு ஆணைகளை 2025 நவம்பரில் ஒன்றிய அரசே திரும்பப் பெற்றது. பஞ்சின் தரத்தை வாங்குகிற ஆலைக்காரர் தாமே சோதித்துக்கொள்வார். அதற்கு ஆய்வகமும் அனுபவமும் அவரிடம் உண்டு. பொத்தான் பேட்டரியின் மூடியையும் கிரீமில் உள்ள பாதரசத்தையும் எடப்பாடியில் ஒரு தாய் எப்படிச் சோதிப்பார்? வாங்குபவரால் அறிய முடியாத, உயிருக்கு ஆபத்தான இடங்களில் மட்டும் அரசின் முத்திரை கட்டாயமாக இருக்கட்டும். மற்ற இடங்களில் வியாபாரம் சுதந்திரமாக நடக்கட்டும். ஒன்றின் தவறைக் காட்டி இன்னொன்றைக் கைவிட வேண்டாம்.

நான்காவது, மனத்தைத் தொடுவது: ஏழைக்கு வேறு வழி என்ன? கூலிக்குத் தறி ஓட்டுபவர் தன் பிள்ளைக்கும் ஒரு பொம்மை வாங்க ஆசைப்படுவது தவறில்லை. அந்த ஆசையை எட்டக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தது இணைய வணிகம்தான். ஆனால் விபத்தின் செலவைத் தாங்க முடியாதவரும் அவரேதான். தீயில் பட்டறை போனால், சிறுநீரகம் பழுதானால், மிச்சம் பிடித்த நூறு ரூபாய் ஆயுள் கடனாகத் திரும்பி வரும். சான்றுள்ள மலிவுப் பொருளும் சந்தையில் கிடைக்கிறது. எளியவர்களுக்கு மலிவு வேண்டும் என்பதையே காரணமாக்கி, சோதிக்காத பொருளை அவர்கள் பங்காக ஒதுக்கிவிடுவது அநியாயம்.

வாங்கும்போது செய்யக்கூடியது அதிகமில்லை, கடினமும் இல்லை. சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றில் பி.ஐ.எஸ். குறியுடன் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பொம்மை, குக்கர் போன்றவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையைப் போலியாக அச்சடிப்பது எளிது. அதனால் அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டுப் பார்க்க வேண்டும். உண்மையானது என்றால் உரிமம் பெற்றவரின் பெயரும் விலாசமும் திரையில் வரும். வராவிட்டால் பொருளைத் திருப்பி அனுப்பிவிடலாம். உறையில் இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், உற்பத்தியான நாடு ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம். பில்லை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலோ நாமக்கல்லிலோ உள்ள ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. உற்பத்தி செய்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும், அவர் இந்தியச் சட்டத்துக்கு எட்டாதவராக இருந்தாலும், பொருளை விற்றவரே பொறுப்பு என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஆனால் தறிப்பட்டறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவர் ஒவ்வொரு பொட்டலத்தையும் செயலியில் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்வதோடு கடமை முடிந்துவிடாது. அந்த எண்ணைச் சோதிக்க இணையதளத்தால் ஒரு நொடியில் முடியும். விற்பனைப் பட்டியலில் ஏற்றும்போதே பி.ஐ.எஸ். பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கணினி இருக்கிறது, ஆள் இருக்கிறது, பணமும் இருக்கிறது. பொருளை விற்றவர் என்று சட்டம் சொல்லும்போது, கிடங்கில் வைத்து அனுப்பி அதற்குக் கட்டணமும் வாங்கும் தளத்தையும் அந்தச் சொல்லுக்குள் ஐயத்துக்கிடமின்றி அரசு கொண்டுவர வேண்டும். அபராதம் ஈட்டிய வருமானத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. இந்த இரண்டும் நடந்தால் மலிவுச் சரக்கு நின்றுவிடாது. சோதனைக்கான செலவு சேர்ந்து விலை சில ரூபாய் கூடும். அந்தச் சில ரூபாய்க்கு ஈடாக, கேட்டால் பதில் சொல்ல இந்த நாட்டில் ஒருவர் இருப்பார். அதைக் கேட்கும் உரிமை, விலை அதிகம் கொடுத்து வாங்குபவருக்கு இருக்கும் அளவுக்கே, 99 ரூபாய் கொடுத்து வாங்குபவருக்கும் இருக்கிறது.